இரண்டு வண்டியைச் சேர்த்து ஒரு வண்டி

சேலத்தில் ஒரு கார் ஷோரூமில், பளபளவென்று நின்ற சின்னக் காருக்குள் என் இடது கால் மாட்டிக்கொண்டது. மடங்காத கால் அது. முட்டியில் தகடு வைத்து இறுக்கிவிட்டார்கள். இடுப்பை உள்ளே தள்ளி, காலைத் தூக்கி வைத்து, திரும்பி உட்கார வேண்டும். இடுப்பு போய்விட்டது, கால் பாதியில் டேஷ்போர்டில் இடித்து நின்றுவிட்டது. உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. டை கட்டிய பையன் ஒருவன், "மேடம், சீட்டை இன்னும் பின்னாடி தள்றேன்" என்றான். சீட்டு ஏற்கெனவே கடைசிப் பல்லில்தான் இருந்தது. கடைசியில் என் கணவர் என் இரண்டு தோள்களையும் பிடித்துப் பின்பக்கமாக இழுத்து வெளியே எடுத்தார்.

அது நாங்கள் பார்த்த மூன்றாவதோ நான்காவதோ கார். எல்லாம் ஆட்டோமேட்டிக். கிளட்ச் இல்லாததால் ஓட்ட எனக்குத் தடையில்லை. ஏறத்தான் முடியவில்லை. பெரிய கார்களில் ஏற முடிந்திருக்கும். அவற்றின் பக்கம் நாங்கள் போகவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டிப் போனார்கள். மலைக் கணவாய் தாண்டியதும் என் கணவரிடம் சொன்னேன்: "நம்ம வண்டியில நான் ஏறிடுவன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அது வண்டியா?" என்றார்.

எங்கள் வீட்டுப் பின்புறம் தகரக் கொட்டகையில் ஒரு பழைய அம்பாசிடர் நின்றுகொண்டிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வுபெற்றுப் போன ஓர் அதிகாரியிடம் வாங்கியது. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். அப்போது எங்கள் பக்கத்தில் கார் ஓட்டுகிற பெண் என்றால் நான் ஒருத்திதான். என் கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். ஸ்கூட்டரைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் விருப்பமில்லை. அதனால் கார் என்பது வீட்டில் என் பொருள். பிறகு அதற்குச் செலவு கூடிக்கொண்டே போக, பள்ளிக்கு ஸ்கூட்டரில் போக ஆரம்பித்தேன். அப்படிப் போகும்போதுதான் கரும்பு ஏற்றிய டிராக்டரின் பின்வண்டி திரும்புகையில் என்னைத் தட்டியது. உயிர் தப்பியது. முட்டி போயிற்று.

அதன்பிறகு தினமும் என் கணவர்தான் என்னை ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார். பக்கவாட்டில் உட்கார்ந்தால் என் கால் சாலையோரமாக மூங்கில் கழிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். வேலி முள் கிழிக்கும். கடையைப் பாதியில் மூடிவிட்டு சாயங்காலம் திரும்ப வருவார். மழையென்றாலும் வருவார், காய்ச்சலென்றாலும் வருவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் பள்ளி வாசலில் என்னை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பும்போது அவர் முதுகைப் பார்ப்பேன். அது ஒரு கிழவரின் முதுகாகிவிட்டிருந்தது.

கொட்டகையில் இருந்த வண்டியில் நான் ஏறிப் பார்த்தேன். கதவு அகலமாகத் திறந்தது. முன்சீட்டு நாற்காலி உயரத்தில் இருந்தது. உட்கார்ந்து, காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தேன். போய்விட்டது. கியர் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பழைய கைகியர் என்பதால் தரை காலியாக இருந்தது, கால் நிம்மதியாக நீண்டுகொண்டது. எலிப்புழுக்கை நாற்றம் அடித்தது. ஆனாலும் யாரும் தோளைப் பிடிக்காமல் நானே ஒரு காரில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

உள்ளூர் மெக்கானிக் வந்து பார்த்தார். டிராக்டரும் மினி லாரியும் பழுது பார்க்கிறவர். வண்டியைச் சுற்றி வந்து, கீழே படுத்துப் பார்த்து, எழுந்து கையைத் துடைத்தார்.

"ஓடும் டீச்சர். ஓட வெச்சுடலாம். ஆனா சாமான் கெடைக்கணும்."

"அம்பாசிடர் சாமான் கெடைக்காமயா போயிடும்? ஊரெல்லாம் ஓடின வண்டி."

"அப்ப ஓடுச்சு" என்றார்.

முதலில் பிரேக் சிலிண்டர்கள். சேலத்தில் ஒரு கடையில் இருந்தன. வாங்கி வந்தோம். வேறு வருட மாடல், பொருந்தவில்லை. திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினோம். அது பொருந்தியது. ஆனால் அதில் சேர வேண்டிய குழாயின் திருகு மரை சேரவில்லை. மெக்கானிக் ஒரு போல்ட்டைத் திருகிக் காட்டினார்.

"இது அங்குல மரை டீச்சர். இப்ப வர்றதெல்லாம் மில்லி மரை. பாத்தா ஒண்ணாத்தான் இருக்கும். ரெண்டு சுத்து உள்ள போவும். அப்பறம் கடிச்சுக்கும்."

கணக்கு டீச்சருக்கு அங்குலமும் மில்லிமீட்டரும் புதிதா என்ன. ஆனால் கரும்பலகையில் ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது ஒரு பெருக்கல்தான். இங்கே அந்தப் பெருக்கல் ஒவ்வொன்றையும் அரூரில் இருக்கும் லேத் பட்டறைக்கு எடுத்துப் போய் இரும்பில் செய்ய வேண்டியிருந்தது. ஒரு பக்கம் அங்குல மரையும் மறுபக்கம் மில்லி மரையும் வெட்டிய சின்னச் சின்ன இணைப்புகள். லேத்காரருக்குக் கல்யாண சீசனில் வேலை ஓடாது, தேர்த் திருவிழாவில் ஓடாது, கரண்டு இல்லாவிட்டால் ஓடாது.

பெங்களூருக்கும் போனேன். பழைய சாமான் விற்கும் சந்தில் ஒரு கடைக்காரர் கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். எந்த வருடம், எந்த மாடல் என்று கேட்டார். சொன்னேன். "அந்த வருஷத்து வண்டியில நடுவுல மாத்தினாங்கம்மா. ஜனவரியில ஒரு மாதிரி, தீபாவளிக்கு ஒரு மாதிரி. வண்டியக் கொண்டாந்தா பாத்துச் சொல்லலாம்" என்றார். ஓடாத வண்டியை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வாரம் முழுக்கப் பள்ளி, சனி ஞாயிறு சாமான் தேடல். பரீட்சைத் தாள் திருத்துவதுகூட பஸ்ஸில்தான். ஒருமுறை கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. கையில் இருந்த ரப்பர் வளையம் சரியான அளவா என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

எப்படியோ பிரேக் பிடித்தது, எஞ்சின் ஓடியது. அப்புறம்தான் கிளட்ச். கோயமுத்தூர்ப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். கால் ஊனமானவர்களுக்குக் கார் மாற்றித் தருகிறவர். அவரே ஒரு காலில் போலியோ உள்ளவர். கியரின் குமிழில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால், எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுவையைக் கொண்டே ஒரு கருவி கிளட்சை இழுத்துப் பிடிக்கும். பொத்தானை விட்டால் கிளட்ச் திரும்பும். காலே வேண்டாம். அதைச் சின்னக் கார்களுக்குத்தான் செய்துகொண்டிருந்தார். என் வண்டியைப் பார்த்ததும் சிரித்தார். ஏளனமில்லை. அவருக்கே ஆசையாக இருந்தது.

ஒரு நாள் முழுக்க மாட்டிப் பார்த்தார். பொத்தானை அழுத்தினேன். கருவி பாதி இழுத்து நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடி பாதி.

"எஞ்சினுக்கு மூச்சு பத்தலைங்க" என்றார். "தேஞ்சு போச்சு. இழுக்க மாட்டேங்குது. இதே வண்டியில பின்னாடி வந்த மாடல்ல பெரிய பெட்ரோல் எஞ்சின் இருக்கும். கியர் தரையில இருக்கும். கிளட்ச்சும் லேசா, ஆயில்ல வேலை செய்யும். அது கெடைச்சா கூப்பிடுங்க. நான் வர்றேன்."

என் கணவர் திண்டில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கோயமுத்தூர்க்காரர் போனதும், "எஞ்சின மாத்தணும், கியர மாத்தணும். அப்பறம் நம்ம வண்டியில மிச்சம் என்னா இருக்கும்?" என்றார்.

"கதவு இருக்கும்" என்றேன். "சீட்டு இருக்கும்."

அந்த மாடல் எஞ்சினை விற்கிறவர்கள் இருந்தார்கள். அதற்குக் காகிதம் இல்லை. எங்கிருந்து வந்தது என்று சொல்ல மாட்டார்கள். எஞ்சின் எண்ணை வண்டிப் புத்தகத்தில் மாற்ற வேண்டுமானால் அதன் பிறப்பு வளர்ப்பு தெரிய வேண்டும். பல மாதம் போயிற்று. பிறகு எங்கள் பள்ளியில் வேலை செய்யும் ஓர் ஆசிரியர் சொன்னார், பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் போகும் ரோட்டோரம் ஒரு வீட்டில் அந்த மாடல் நிற்கிறது என்று.

போனோம். ரோட்டை ஒட்டிச் சின்ன ஓட்டு வீடு. வாசலுக்கு நேரே ஒரு வெள்ளை அம்பாசிடர், நான்கு சக்கரமும் மண்ணில் புதைந்து நின்றது. அதன் கூரைமேல் கேழ்வரகு மூட்டைக்கான சாக்குகள் காய்ந்தன. ஒரு கோழி பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தது. வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். புருஷன் டாக்சி ஓட்டியவர், தர்மபுரி ஸ்டேஷனிலிருந்து அருவிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வந்தவர், இறந்துவிட்டார் என்று சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மருமகளிடம் கன்னடத்தில் என்னவோ பேசினார். "பேடா, பேடா" என்று மருமகள் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. வேண்டாம் என்று அர்த்தம்.

"பெரியவன் ஒத்துக்க மாட்டான் டீச்சரம்மா" என்றார். "ஓசூர்ல கம்பெனியில இருக்கறான். அப்பன் வண்டி, நான் ரெடி பண்ணி ஓட்டுவன்னு சொல்லிட்டே இருக்கறான். வருஷத்துக்கு ஒருக்கா வந்து தொடச்சுட்டுப் போறான்."

மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவே போன் செய்தார். "வந்து எடுத்துக்கங்க" என்றார். "பையன்கிட்ட பேசிட்டன்."

இரண்டாம் முறை போனபோது மகனும் வந்திருந்தான். கையெழுத்துப் போடவென்று வரவழைத்திருந்தார். அவன் வண்டியின் மறுபக்கம் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எஞ்சினும் கியரும் கிளட்ச் சாமான்களும் போதும் என்றேன்.

அந்த அம்மா தலையை ஆட்டினார். "அதெல்லாம் இல்ல. எடுத்தா முழுசா எடுத்துட்டுப் போங்க. ஒரு போல்ட்டு இங்க இருக்கக் கூடாது."

"முழு வண்டிய வெச்சு நான் என்னங்க பண்ணுவன்?"

"எனக்கென்ன தெரியும்? எங்க வூட்டுக்காரரு ஒடம்பு முடியாமப் போன பின்னால தெனமும் அதுலதான் போயி உக்காந்திருப்பாரு. சோறு அங்கதான். தூக்கம் அங்கதான். வூட்டுக்குள்ள வாய்யான்னா வர மாட்டாரு. அதுலயே செத்தாரு. காலையில கதவத் தொறந்தா அதுதான் என் மொகத்துக்கு நேரா நிக்குது. இவன் தொடைக்கறதுக்கு ஒரு நாள் வர்றான். மீதி நாளு நான்தான் பாக்கறன்."

மகன் திரும்பினான். "அம்மா" என்றான். ரோட்டில் ஒகேனக்கல் பஸ் ஒன்று போயிற்று. அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

பிறகு என்னைக் கேட்டான்: "நீங்களே ஓட்டப் போறீங்களா மேடம்?"

"ஆமாங்க."

"ரிவர்ஸ் போடும்போது கொஞ்சம் மேல தூக்கிப் போடணும். அப்பா அப்படித்தான் போடுவாரு."

மண்ணைத் தோண்டி, சக்கரங்களை விடுவித்து, கிரேன் வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போது அந்த அம்மா பார்க்கவில்லை. நாங்கள் கிளம்புமுன்பே மண்வெட்டியோடு வந்து, வண்டி நின்ற இடத்தைக் கொத்த ஆரம்பித்திருந்தார். அவரைக் கொடி போட்டால் நன்றாக வரும், இத்தனை வருஷம் வெயில் படாத மண் என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இப்போது இரண்டு அம்பாசிடர்கள். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. பிரித்த பிறகுதான் தூரத்து உறவு என்று தெரிந்தது. புது எஞ்சினைத் தாங்கும் பிடிகள் என் வண்டியின் சட்டத்தில் சரியான இடத்தில் இல்லை. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான தண்டு சற்றே நீளம், வெட்டி ஒட்ட வேண்டும். ரேடியேட்டர் ஒரு விரல்கடை கூடுதல் அகலம். ஒரே மாதிரி தெரிந்த கதவுகளில் கீல் வேறு. மெக்கானிக் ஒருமுறை தண்டை அளவுக்குமேல் வெட்டிவிட்டு, இரண்டு நாள் என் கண்ணில் படாமல் இருந்தார். நான் திட்டவில்லை. திட்டுவதற்கு எழுந்து நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமானது தரையிலிருந்து எழும் அந்தக் கியர். அதன் தடி, என் மடங்காத கால் நீளும் இடத்துக்கு மிகப் பக்கத்தில் வந்து நின்றது. எந்த இடவசதிக்காக என் பழைய வண்டியைத் தேர்ந்தெடுத்தேனோ அதுவே போய்விட்டது. அன்று முன்சீட்டில் உட்கார்ந்தபடியே சொன்னேன்: "விட்டுடலாம்ங்க. இரும்புக் கடைக்குப் போட்டுடலாம்."

என் கணவர் அதுவரை எதற்கும் குறுக்கே நின்றதில்லை. அன்று கத்தினார்.

"விட்டுட்டு? நாளைக்கு மறுபடி என் பின்னாடி காலை நீட்டிட்டு வருவியா? எனக்கும் முதுகு வலிக்குது. சொல்லக் கூடாதுன்னு இருந்தன். ராத்திரி திரும்பிப் படுக்க முடியல. ஒன்னு நீ ஓட்டு, இல்ல வேலைய விடு. என்னால முடியல."

சொல்லிவிட்டு அவரே பயந்துபோனவர்போல் நின்றார். எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாள் நான் மட்டும்தான் களைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த பாரம் இறங்கியது மாதிரிதான் இருந்தது. கையை நீட்டினேன். என்னை வெளியே இறக்க வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்துச் சீட்டைக் காட்டினேன். சுற்றி வந்து உட்கார்ந்தார். ஓடாத வண்டியில் இருவரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

"அந்தத் தடிய வளைச்சா என்னா?" என்றார், கண்ணாடி வழியே சுவரைப் பார்த்துக்கொண்டு.

வளைத்தார்கள். கொல்லன் உலையில் காய்ச்சி, இடதுபக்கமாக ஒரு வளைவு கொடுத்தார்கள். சீட்டைப் பின்னுக்குத் தள்ள புதிதாகத் துளை போட்டார்கள். இனி கிளட்ச் மிதி தேவையில்லை என்பதால் அதன் அடிப்பாதியை அறுத்துவிட்டார்கள். கோயமுத்தூர்க்காரர் மறுபடி வந்து கருவியை மாட்டினார். பொத்தானை அழுத்தினேன். எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது, கிளட்ச் முழுதாக உள்ளே போயிற்று. மெக்கானிக் கைதட்டினார். நான் மறுபடி அழுத்தினேன், நம்பிக்கை வராமல்.

அதற்கப்புறம் ஆபீஸ். எஞ்சின் மாற்றியதற்கு அனுமதி, கருவி பொருத்தியதற்கு அனுமதி, என் லைசென்சைத் திருத்துவது. தர்மபுரிக்கு எத்தனை தடவை போனோம் என்று எண்ணவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. இப்படி ஒரு வண்டியை அவர்கள் பார்த்ததில்லை, எந்தக் கட்டத்தில் இதை எழுதுவது என்று அவர்களுக்கும் குழப்பம். சோதிக்க வந்த அதிகாரி இளம்பெண். என் பக்கத்தில் உட்கார்ந்து, "எட்டு போட்டுக் காட்டுங்க மேடம்" என்றார். எட்டு போட்டேன். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். பொத்தானை விடுவதில் ஒரு கணம் பிந்தினேன். வண்டி பின்னால் உருண்டது. கைபிரேக்கை இழுத்தேன். அவர் காகிதத்தில் ஏதோ எழுதிவிட்டு, "இன்னொரு தடவை" என்றார். இரண்டாம் தடவை வண்டி முன்னால் ஏறியது, கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை நானே ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வாசலில் பிள்ளைகள் கத்தினார்கள். தலைமையாசிரியர் வெளியே வந்து பார்த்தார். சந்தோஷம் வரும் என்று பகல் முழுக்கக் காத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது. ஏழாம் பிரிவேளையில் பின்ன வகுத்தல் நடத்திக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. வீட்டுக்கு வந்தால் என் கணவர் கடைக்குப் போயிருக்கவில்லை. உள்ளே பாயில், வெளிச்சத்தில், வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் படுத்தேன்.

வண்டி ஓடுகிறது. மலையேற்ற எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. சித்தேரிக்குப் போகிற வளைவுகளில் அந்தப் பொத்தானை நம்ப முடியாது. பள்ளி, கடை, எப்போதாவது அரூர், அவ்வளவுதான். பள்ளம் விழுந்த இடத்தில் வளைத்த கியர் தடி என் காலில் இடிக்கும், அந்த இடத்தில் ஒரு நீலத் தழும்பு நிரந்தரமாக இருக்கிறது. மழை பெய்தால் வலதுபக்கக் கதவு வழியாகத் தண்ணீர் வரும். அதற்கான ரப்பர் எங்கேயும் கிடைக்கவில்லை, நானும் தேடுவதை நிறுத்திவிட்டேன். மிச்சமிருந்த வெள்ளை உடலைக் கேட்டு ஒருவர் ஓசூரிலிருந்தும் இன்னொருவர் ஆம்பூரிலிருந்தும் வந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் கழற்றிக்கொண்டு போனார்கள். இருவர் முகத்திலும் எனக்கிருந்த அதே களைப்பு. டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

முந்தாநாள் ஹாரன் நின்றுவிட்டது. மெக்கானிக்கிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கழற்றிப் பார்ப்பார், பிறகு இது அந்த மாடல் இல்லை என்பார். கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஓரமாப் போங்க, ஓரமாப் போங்க" என்று கத்திக்கொண்டே பள்ளிக்குப் போய் வருகிறேன்.